இருட்டறைக்கு ஒரு சிவப்பு விளக்கு

எந்த விளக்கு பாதுகாப்பானது என்று கேட்டால், எதைப் பாதுகாக்கப் போகிறோம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. நான் பாதுகாக்க நினைத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு நெகடிவை. அதில் என் மனைவி இருக்கிறாள். முக்காடு இல்லாமல், தலைமுடியை விரித்துவிட்டு, கிணற்றடியில் நின்று சிரிக்கிறாள். நெகடிவ் என்பதால் முகம் கறுப்பு, முடி வெள்ளை. கலியாணம் முடித்த முதல் வருடத்தில் நான் எடுத்தது. அதை ஒரு தடவைகூடத் தாளில் அடித்துப் பார்த்ததில்லை.

கமரா அலுவலகத்துடையது. வயல் பக்கங்களில் மதகு கட்டும் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புவதற்காக என்னிடம் தந்திருந்தார்கள். சவளக்கடைப் பக்கம் போய் எல்லா மதகுகளையும் எடுத்து முடித்தபோது சுருளில் ஒரு கட்டம் மிஞ்சியிருந்தது. அரச சொத்தைச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்துவது எந்தப் பிரிவின் கீழ்க் குற்றம் என்று எனக்கு அப்போதே தெரியும். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் அதைப் பயன்படுத்தினேன்.

சுருளைக் கழுவியதும் நான்தான். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவன், அங்கே படம் கழுவும் அறையில் பல மாலைகளைக் கழித்தவன். ஆனால் தாளில் அடிக்க என்னிடம் தாள் இருக்கவில்லை. ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும்.

“ஸ்டூடியோக்காரன்ட கையில குடுக்கப் போறீங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“இல்லாட்டி எப்பிடி அடிக்கிற?”

“அப்ப அடிக்க வேணாம். என்ட தலமுடிய அவன் ஏன் பாக்கணும்?” நெகடிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இப்பிடியே கிடக்கட்டும். இதுல நான் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கிழவி மாதிரி இருக்கன்.”

அது அப்படியே கிடந்தது. பிள்ளை பிறந்தது, இடமாற்றங்கள் வந்தன, கடல் வந்தது. கடல் வந்த நாளில் இந்த வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் நின்றது. ஆட்கள் தப்பினோம். கலியாண அல்பம் போனது. நெகடிவ் அலுவலக இரும்பு அலுமாரியில், மதகுகளோடு ஒரே உறையில் இருந்ததால் தப்பியது. அதன் பிறகு அவள் நிழற்படத்துக்கு நின்றது கடவுச்சீட்டுக்காக ஒரு தடவைதான். அதில் விசாரணைக்குக் கூட்டிவந்த ஆளைப்போல விறைத்துப்போய் இருக்கிறாள். கைப்பேசியைத் தூக்கினால் உள்ளங்கையை நீட்டி மறைத்துவிடுவாள். மகளின் கைப்பேசியில் உம்மாவின் உள்ளங்கைகள் நிறைய இருக்கின்றன.

அவள் மவுத்தாகி அடக்கம் செய்த பிறகு எனக்கு ஒரு சங்கடம் வந்தது. அவளை நினைத்தால் ஆஸ்பத்திரி முகம்தான் வந்து நின்றது. மற்ற முகங்களெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன, ஒன்றையும் அது முன்னால் விடவில்லை. ஒருநாள் நெகடிவை எடுத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. மெல்லிய நூல் நூலாக, தோளை நோக்கி வந்துகொண்டிருந்தது. கடற்கரைக் காற்று எதையும் விட்டுவைக்காது. அடுத்த மாரி முடிவதற்குள் அது முகத்துக்கு வந்துவிடும் என்று கணித்தேன். இனி அடிப்பதென்றால் இப்போதே அடிக்க வேண்டும். வேறு ஒரு ஆணும் பார்க்காமல் அடிக்க வேண்டும்.

மகள் மெல்பேர்னில் இருக்கிறாள். வீடியோவில் பேசும்போது சொன்னேன்.

“இதுக்கா வாப்பா யோசிக்கிறீங்க? லெப்டொப்ல வெள்ளையா ஒரு பக்கத்தத் திறந்து, அதுக்கு முன்னால நெகடிவப் புடிச்சி, போனால ஒரு போட்டோ எடுங்க. ஆப் ஒண்டு இருக்கு. ஒரு செக்கன்ல உம்மாட முகம் வந்திரும்.”

“வந்த முகம் எங்க போகும்?”

“எங்க போற? போன்லதான் இருக்கும்.”

“போன் அத எங்க வெச்சிருக்கும்?”

“கிளவுட்ல.”

“அது ஆருட?”

“உங்களோட கதைக்க ஏலா வாப்பா,” என்றாள்.

ஸ்டூடியோக்காரன் ஒருவனுக்கே காட்ட விரும்பாதவளை, எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு களஞ்சியத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. படத்தாளும் அதைக் கழுவும் மருந்துத் தூளும் அனுப்பச் சொன்னேன். அவற்றை மகளின் தோழி ஒருத்தி ஊருக்கு வரும்போது கொண்டுவந்தாள். இருட்டில் மட்டுமே திறக்க வேண்டும் என்று எழுதிய பொதி என்பதால், விமான நிலையத்தில் பகல் வெளிச்சத்தில் திறந்துவிடுவார்கள் என்று பயந்து, மூன்று மொழிகளில் ஒரு விளக்கக் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தேன். பொதியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். என் நல்ல கடிதங்களுக்கெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது.

இனி அறை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நான் ஒரு சூட்கேசோடும் ஒரு பட்டத்தோடும் இந்த வீட்டுக்கு வந்தவன். மகள் முடித்தபோது வீட்டை அவள் பெயரில் எழுதினோம். மனைவியும் போன பிறகு நான் இங்கே என்ன பதவியில் இருக்கிறேன் என்பது தெளிவில்லை. உரிமையாளர் இல்லை. வாடகைக்கு இருப்பவனும் இல்லை. காவலாளி என்றால் சம்பளம் இருக்க வேண்டும். எனவே, முன்பு நெல் மூட்டை அடுக்கிய சின்ன அறையின் யன்னலை அடைக்க உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டேன். மகள் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பினாள். அதை அங்கீகாரமாக எடுத்துக்கொண்டேன்.

யன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன், கதவின் அடிக்குப் பழைய சைக்கிள் ரியூபில் வெட்டிய கீலம். பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். இதுதான் முறை. முதலில் எல்லாம் கறுப்பாக இருக்கும். பிறகு ஒவ்வொரு ஓட்டையும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அடைத்தேன், உட்கார்ந்தேன், மறுபடி அடைத்தேன். அந்த அறையில் என்னை ஒருவரும் தேடவில்லை என்பதையும் அப்போது கவனித்தேன். வேலைக்கு அது வசதிதான்.

விளக்கு விஷயம் அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. படத்தாளுக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்புத் தெரியாது. ஆகவே சிவப்பு வெளிச்சத்தில் நாம் தாளைப் பார்க்கலாம், தாள் நம்மைப் பார்க்காது. ஆனால் சிவப்பாகத் தெரியும் பல்ப் எல்லாம் சிவப்பு இல்லை. வெள்ளை பல்புக்குச் சிவப்புச் சாயம் பூசி விற்கிறார்கள். சாயத்துக்குப் பின்னாலிருந்து பச்சையும் நீலமும் ஒழுகிக்கொண்டிருக்கும். நம் கண் ஏமாறும், தாள் ஏமாறாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சீடி போதும். அதன் பளபளப்பான பக்கத்தை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் நிறம் நிறமாகப் பிரிந்து தெரியும். சிவப்பு மட்டும் தெரிந்தால் நல்ல விளக்கு. அலுவலகத்தில் கணினிப் பயிற்சி என்று தந்த ஒரு சீடி என்னிடம் ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனேன்.

“சிவப்பு பல்ப் இருக்கா?”

ஹாட்வெயார் கடைக்காரர் உற்சாகமாக எழுந்தார். “இருக்கு சேர். கலியாண வீடா? கொடியேத்தத்துக்குக் கட்டவா?”

“இருட்டறைக்கு.”

“ஆ?”

“படம் அடிக்க.”

“படமெல்லாம் இப்ப போன்லயே வருதே சேர். எங்குட மகன்ட்டக் குடுங்க, ரெண்டு நிமிசத்துல அடிச்சித் தருவான்.”

“உங்குட மகன்ட்டக் குடுக்கக் கூடாதெண்டுதான் பல்ப் வாங்க வந்த.”

அவர் ஒரு பல்பை மாட்டிப் போட்டுக் காட்டினார். நான் சீடியை எடுத்துச் சாய்த்தேன். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை ஒரு கீற்று, அதற்கப்பால் மங்கலாக நீலம். வேண்டாம் என்றேன். வேறு கம்பனி பல்ப். அதிலும் அதே. சங்கிலியாகக் கோத்த கலியாண பல்ப், அதிலிருந்து வெள்ளையே வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் சீடியைச் சாய்த்து, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்து, தலையை ஆட்டினேன். கடையில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டார்கள்.

“சேருக்கு அதுல என்ன தெரியுதாம்?” என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

“பென்சன் எடுத்தா அப்பிடித்தான்,” என்றார் மற்றவர். “எங்குட வாப்பா ரேடியோவக் கழட்டிக் கழட்டிப் பூட்டினார்.”

சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச்சும் தேறவில்லை. சைக்கிளின் பின்விளக்கு தேறியது, ஆனால் கடிகாரம் பழுதுபார்ப்பவருக்குக்கூட அந்த வெளிச்சம் போதாது. கடைசியில் ஓட்டோக்காரர்கள் பிறேக் லைட்டுக்கு ஒட்டும் எல்ஈடி நாடா நினைவுக்கு வந்தது. அதில் சாயம் இல்லை. அந்த எல்ஈடியே சிவப்பாகத்தான் எரியும். வாகன உதிரிப்பாகம் வாங்கச் சம்மாந்துறைக்குப் போனேன்.

“ஓட்டோக்கா, ட்ரக்டருக்கா சேர்?”

“வீட்டுக்கு.”

“வீடு ஓடுமா சேர்?”

“இப்ப நிண்டுதான் இருக்கு.”

பற்றரியில் தொட்டுக் காட்டினார். சீடியைச் சாய்த்தேன். ஒரே ஒரு சிவப்புப் பட்டை, அப்பால் வெறும் கறுப்பு. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தைப் பகிர்ந்துகொள்ள பஸ்ஸில் ஆள் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் நிந்தவூர்வரை நித்திரை.

பழைய மோட்டார்சைக்கிள் பற்றரி ஒன்றில் நாடாவை இணைத்தேன். கரண்ட் நின்றாலும் வேலை நிற்காது. வெளிச்சம் நேரே தாளில் விழாமல், சுவரில் பட்டுத் திரும்பி வரும்படி மேலே கட்டினேன். அறையில் வெளிச்சம் தரக்கூடிய மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றினேன். கைப்பேசிக்கு அனுமதி இல்லை. சுவிட்சில் எரியும் சின்னப் பொட்டுக்கு மேலே கறுப்பு ஒட்டுநாடா. கடிகாரத்தின் முட்கள் இருட்டில் மினுங்கும், ஆகவே கையைவிட்டுக் கழற்றினேன்.

கடிகாரம் இல்லாவிட்டால் நேரத்தை எதில் கணக்கிடுவது? மனைவியின் அலுமாரியில் அவளுடைய தஸ்பீஹ் இருந்தது. உம்றாவுக்கு மக்கா போனபோது வாங்கிவந்த, எண்ணி ஓதுவதற்கான மலிவான பிளாஸ்திக் மணிமாலை. ஒரு மணியை உருட்ட எனக்கு ஒரு செக்கன் எடுத்தது. விரலுக்குக் கண் தேவையில்லை. இந்த யோசனையை நினைத்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். மெச்ச வேறு ஆளும் இல்லை.

பிறகு நாணயச் சோதனை. ஒரு துண்டுத் தாளைச் சிவப்பு விளக்கின் கீழே வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும் நேரத்தைவிட அதிக நேரம் அப்படியே விட வேண்டும். பிறகு கழுவினால், விளக்கு கெட்டதென்றால் நாணயம் மூடியிருந்த இடம் வெள்ளை வட்டமாகத் தெரியும். பொழுது பட்டு மஃரிப் தொழுதுவிட்டு உள்ளே போய், சட்டைப் பையிலிருந்த தஸ்பீஹை எடுத்து உருட்டிக்கொண்டு இருந்தேன். கழுவினேன். வட்டம் இல்லை. தாள் முழுவதும் ஒரே வெள்ளை. விளக்கு பாஸ்.

அடுத்த நாள் சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள் மனைவியின் தங்கச்சி. அடுத்த வளவில் இருக்கிறாள். எனக்குப் பகல் சோறு அங்கிருந்துதான் வரும். நான் தனியே இருக்கும் வீட்டுக்குள் அவள் வரமாட்டாள். அக்கா மவுத்தான நாளிலிருந்து எங்கள் பேச்செல்லாம் சுவருக்கு மேலால்தான்.

“இந்தாங்க, மீனாணம். சூடு.” கறிக் கோப்பையை மதிலில் வைத்தாள். “மச்சான், சனம் கதைக்குது.”

“என்ன கதைக்குது?”

“செக்கல் இருட்டுக்குப் பிறகு உங்குட ஓட்டுக்கால சிவப்பு வெளிச்சம் தெரியுதாம். ஜின்னு வளக்கிறீங்களாம்.”

“எந்த ஓடு?”

“ஆ?”

“எந்த ஓட்டுக்கால தெரியுது? எத்தினையாவது வரிசை?”

“யா அல்லாஹ்! ராத்தா இந்த மனிசனோட எப்பிடிக் குடும்பம் நடத்தினாவோ.” ஆனாலும் அன்று மாலை மதிலடியில் நின்று, மூன்றாம் வரிசை, கூரை முகட்டுக்குக் கிட்ட, என்று சரியாகக் காட்டினாள். அதையும் அடைத்தேன்.

முதல் படத்தை ஒரு மாலையில் அடித்தேன். நெகடிவைத் தாளின் மேல் வைத்து, மேலே ஒரு கண்ணாடியை வைத்து அழுத்தி, வெள்ளை பல்பைக் கொஞ்ச மணி உருட்டும் நேரம் எரியவிட்டு அணைத்தேன். சிவப்பு விளக்கில் தாளை மருந்துத் தட்டில் போட்டு, தட்டை மெதுவாக ஆட்டினேன். எங்கள் வெக்கைக்கு மருந்து கொதித்துவிடும் என்பதால் தட்டைச் சுற்றி ஐஸ். தஸ்பீஹ் மணிக்கட்டில் தொங்கியது, விரல் உருட்டிக்கொண்டிருந்தது. முடி கறுப்பாக மேலே வந்தது. பிறகு புருவம். பிறகு எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சாம்பல் படர்ந்தது. முகம் வரும்போதே மங்கியது. கழுவி முடித்து வெளியே கொண்டுவந்து பார்த்தால், மெல்லிய துணி போட்டு மூடியதுபோல் இருந்தாள். கடைசியில் முகத்தையே மூடிக்கொண்டாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தனியே சிரித்தால் அதிக நேரம் நீடிக்காது.

சாம்பல் படர்ந்தால் வேண்டாத வெளிச்சம் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். சந்தேகம் முதலில் விளக்கின் மேல்தான். அதை இன்னும் தள்ளிக் கட்டினேன். சீடியில் பார்த்தேன், சிவப்பு மட்டும். நாணயச் சோதனையை மறுபடி செய்தேன், வட்டம் இல்லை. படம் அடித்தால் மட்டும் சாம்பல். மருந்தைக் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைத்தேன். சாம்பல். தாள்கள் குறைந்துகொண்டே வந்தன. நெகடிவின் மூலையிலும் நூல்கள் தோளைத் தொட்டுவிட்டன.

எனக்குத் தெரியாத நடைமுறை ஒன்று இல்லை என்பது என் வாழ்நாள் பெருமை. எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு வேலை நடக்காமல் இருப்பதை அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே ஃபைலை அடுத்த மேசைக்குத் தள்ளிவிடலாம். இந்த வீட்டில் அடுத்த மேசை இல்லை.

அடுத்த தாளில்தான் துப்புக் கிடைத்தது. ஈரக் காற்றுக்குத் தாள் சுருண்டது. வெள்ளை பல்பை அணைத்த பிறகு, கண்ணாடியையும் நெகடிவையும் இரண்டு கையாலும் எடுத்து ஓரமாக வைக்க வேண்டியிருந்ததால், தஸ்பீஹைக் கழற்றித் தாளின் சுருண்ட ஓரத்தில் பாரமாக வைத்தேன். பிறகு எடுத்துவிட்டுத் தாளைக் கழுவினேன். வழக்கமான சாம்பலோடு, ஓரத்தில் வளைந்து போகும் ஒரு வரிசை கறுப்புப் பொட்டுகள் வந்தன. ஒரே அளவு, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. பூஞ்சணம் இவ்வளவு ஒழுங்காக வளராது. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவ்வளவு ஒழுங்கு எங்கே பார்த்தது?

உள்ளே போய் வெள்ளை பல்பைப் போட்டேன், அணைத்தேன். சிவப்பு விளக்கின் கம்பியையும் பற்றரியிலிருந்து கழற்றினேன். கதிரையில் உட்கார்ந்தேன்.

காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. என் மடியில் தஸ்பீஹ் பச்சையாக ஒரு வளையமாக எரிந்துகொண்டிருந்தது.

வெளிச்சத்தைக் குடித்துவிட்டு இருட்டில் கக்குகிற பிளாஸ்திக். மக்காவில் பள்ளி வாசல்களில் அள்ளி அள்ளி விற்பார்கள், போய்வந்தவர்கள் ஊருக்கெல்லாம் பங்கு வைப்பார்கள். எங்கள் ஊரில் இது இல்லாத வீடு இல்லை. சோதனை செய்த மாலைகளில் அது அலுமாரியின் இருட்டிலிருந்து சட்டைப் பைக்கும், பையிலிருந்து இந்த அறைக்கும் வந்ததால் அதில் வெளிச்சம் இருக்கவில்லை. படம் அடித்தபோதெல்லாம் வெள்ளை பல்பில் வயிறு நிறையக் குடித்துவிட்டு, என் மணிக்கட்டில் தொங்கியபடி தட்டின் மேல் பச்சையை ஊற்றியது. சிவப்பு வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை. கடிகார முள்ளை வெளியேற்றியவன் தஸ்பீஹை ஒரு விளக்கு என்று நினைக்கவில்லை.

எனக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. விடிவதற்கு முன் அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஓதும்போது இந்தப் பச்சை சுவரில் அசையும். கண்ணைக் கூசுது, எனக்கு வேலைக்குப் போகணும் என்று சொல்வேன். அவள் அதைக் கைக்குள் பொத்திக்கொள்வாள். விரல் இடுக்குகளுக்கு இடையால் கொஞ்சம் தெரியும். அப்போது கை தெரியும், கன்னத்தின் ஒரு பக்கம் தெரியும். ஆஸ்பத்திரி முகம் இல்லை அது.

மணிகள் மங்கி மங்கி அணையும்வரை உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வேறு வேலை செய்யவில்லை.

அடுத்த நாள் மாலை தஸ்பீஹை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு தாள்தான் மிச்சம். நேரத்தை வாய்விட்டு எண்ணினேன். அந்த அறையில் ஒரு மனிதக் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. முதலில் முடி வந்தது. அதன் பிறகு புருவம், கண், பின்னால் மாதுளை மரம். முகம் கடைசியாக, வெள்ளையாக, ஒரு தூசும் இல்லாமல் வந்தது. எண்ணுவதை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. கை தானாகவே தாளைத் தூக்கி அடுத்த தட்டில் போட்டது.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

காய்ந்ததும் மதிலடிக்குக் கொண்டுபோனேன். தங்கச்சிக்குக் காட்டலாம், அவள் பெண்தானே. கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். வழக்கமான பகிடி வரவில்லை.

“முடியப் பாருங்க மச்சான். இடுப்பு மட்டும். நான்தான் அண்டைக்கு எண்ணெ வெச்சிச் சீவின.”

“அப்பிடியா?”

“ஓம். நீங்க கமராவத் தூக்கிக்கிட்டு வந்ததும் ஓடினன். வாளி தட்டி விழுந்தன். அதுக்குத்தான் ராத்தா இப்பிடிச் சிரிக்கிறா.” ஓரத்தில் விரலை வைத்தாள். நெகடிவில் நான் பூஞ்சணம் என்று நினைத்திருந்த ஒரு கறை. “இந்தா, இது என்ட கை. சீப்பு வேற வெச்சிருக்கன்.”

குனிந்து பார்த்தேன். கைதான். சீப்பின் பற்கள்கூடத் தெரிந்தன. மனைவியின் கண் என்னைப் பார்க்கவில்லை. ஒரு விரற்கடை தள்ளி, எனக்குப் பக்கத்தால், விழுந்து கிடந்த தங்கச்சியைப் பார்த்தது.

“அப்ப என்னப் பாத்துச் சிரிக்கல்ல.”

“உங்களப் பாத்து ஆரு மச்சான் சிரிக்கிற? நீங்க அப்பவும் இப்பிடித்தான் மூஞ்ச வெச்சிக்கிட்டு நிப்பீங்க.” பிறகு, என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும், குரலை மாற்றினாள். “ஆனா உங்களுக்கு முன்னால தலமுடிய மூடாம நிண்டாதானே. அதப் பாருங்க.”

படத்தை மதிலில் வைக்காமல் என் கையிலேயே தந்தாள். சோறு ஆறுது என்றாள். போனாள்.

அன்று மகளோடு பேசியபோது படம் வந்துவிட்டது என்று சொன்னேன்.

“காட்டுங்க வாப்பா! கமராவுக்குக் கிட்டப் புடிங்க.”

“ஏலா.”

“நான் அவட மகள்.”

“ஓம். மகளுக்குப் பாக்கலாம். நேர்ல வந்து பாக்கலாம்.”

“வாப்பா, இது அநியாயம்.”

“இதுதான் நடைமுறை.”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. திரையில் அவள் கண்ணைத் துடைத்ததுபோல் இருந்தது, தொடர்பு தெளிவில்லை. “உம்மா அதுல எப்பிடி இருக்கிறா? அதையாவது சொல்லுங்க.”

“உன்ட சாச்சி விழுந்தா சிரிக்கிற மாதிரி இருக்கிறா.”

“விளங்கல்ல.”

“வந்து பாத்தா விளங்கும். தாள் ஒண்டு மிச்சம் இருக்கு. நீ வந்தா உனக்கு முன்னாலயே அடிச்சித் தாறன். தாளுக்குள்ள இருந்து எழும்பி வருவா. முதல்ல முடிதான் வரும்.”

“டிசம்பர்ல லீவு கேட்டுப் பாக்கன் வாப்பா.”

போன வருடமும் டிசம்பரில் லீவு கேட்டுப் பார்த்தாள். இதை நான் சொல்லவில்லை.

படம் அலுமாரியில், தஸ்பீஹுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நெகடிவை அரிசி போட்ட போத்தலில் வைத்து இறுக மூடியிருக்கிறேன், ஈரம் பிடிக்காமல் இருக்க. மிச்சத் தாள் கறுப்புப் பைக்குள். கரைத்த மருந்து பழுதாகிவிடும் என்பதால் கீழே ஊற்றிவிட்டேன். தூள் ஒரு பாக்கெட் உடைக்காமல் இருக்கிறது, அது கெடாமல் நிற்கும். பற்றரி மட்டும் சும்மா வைத்தால் செத்துப்போகும். ஆகவே இடைக்கிடை அதற்குச் சார்ஜ் ஏற்றி, மஃரிபுக்குப் பிறகு அறைக்குள் போய் விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன். சீடியைச் சாய்த்தால் சிவப்பு மட்டும்தான் தெரிகிறது. விளக்கில் ஒரு குறையும் இல்லை. இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை கதிரையில் இருந்துவிட்டு, அணைத்துவிட்டு வருகிறேன்.